நீர்ச்செடி என்று விற்பதெல்லாம் நீர்ச்செடி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரங்களில் வண்ணமீன் கடைகளுக்குக் குறைவில்லை. கண்ணாடித் தொட்டி, ஏர் பம்ப், தீனி எல்லாம் கட்டுப்படியாகும் விலைக்கே கிடைக்கின்றன. செடி வாங்கப் போகும்போதுதான் ஆள் ஏமாறுகிறார். மாதத்துக்கு ஒருமுறை செடி வாங்கிப் போட்டு, அது அழுகி, கடைசியில் ‘பிளாஸ்டிக்கே தேவலை’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இதற்கு விலை காரணமல்ல. கையில் கொடுக்கப்படுவது பல நேரம் நீர்ச்செடியே இல்லை.

கடைத் தொட்டியில் சிவப்பு, ஊதா, வெள்ளைக் கரை போட்ட இலை என்று நிமிர்ந்து நிற்பவற்றைக் கவனியுங்கள். டிரசீனா, அதன் இனமேயான ‘அதிர்ஷ்ட மூங்கில்’, மாண்டோ புல், கலேடியம், சின்கோனியம் ஆகியவை பூந்தொட்டியில் வளர்கிறவை. தண்ணீருக்குள் முழுக முக்கினால் சில வாரம் பச்சை மாறாமல் நிற்கும்; அதற்குள் கடைக்காரரும் மறந்துவிடுவார், வாங்கியவரும் மறந்துவிடுவார். பிறகு அடித்தண்டு கொழகொழத்து நாற்றமெடுக்கும். அழுகல் தண்ணீரில் அமோனியாவை ஏற்றும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பழி மீன்மேல் விழும்.

அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. செடியைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீருக்குள்ளேயே வளர்ந்த தண்டைத் தாங்கிப் பிடிப்பது தண்ணீர்தான். வெளியே வந்ததும் ஈரநூல் மாதிரி துவண்டு கையில் ஒட்டிக்கொள்ளும். தரைச்செடி விறைப்பாகவே நிற்கும், இலைமேல் தண்ணீர் முத்து முத்தாக உருளும். இதிலும் விதிவிலக்கு இருக்கிறது. அனுபியாஸ், அமேசான் வாள்செடி, கிரிப்டோகோரைன் போன்றவை உண்மையான தொட்டிச்செடிகள்தான். ஆனால் பண்ணையில் பெரும்பாலும் வேர் மட்டும் நனைய, இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அதனால் அவையும் விறைப்பாகவே இருக்கும். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால், மற்றவற்றுக்குத் துவளும் சோதனை பெரும்பாலும் உதவும்.

சிக்கனமாகத் தொடங்க நான்கு செடி போதும்: வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, லிம்னோஃபிலா, செரட்டோஃபில்லம். நான்கும் நம் நாட்டு நீர்நிலைகளில் தாமாக வளர்கிறவை. நம் தண்ணீரும் வெயிலும் இவற்றுக்குப் புதிதல்ல. ஒரு கட்டு சில பத்து ரூபாய்க்குள் அடங்கும். அனுபியாஸ், போர்னியோவிலிருந்து வரும் பூசபாலண்ட்ரா போன்றவை மெல்ல வளர்வதால் விலை கூடுதல். கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவருக்கு மட்டும் ஒரு அனுபியாஸ் வாங்கச் சொல்லலாம், அதன் தடித்த இலையைக் கோல்டு ஃபிஷ் சுலபத்தில் தின்பதில்லை. ஆய்வகத்தில் வளர்த்து, சின்னக் கப்பில் ஜெல்லோடு வரும் திசு வளர்ப்புச் செடியில் நத்தை வராது என்பது உண்மை. ஆனால் அது பிஞ்சு. சித்திரை வெயிலில் முதல்முறை வைக்கிறவரிடம் தங்காது.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டிக்கு வாலிஸ்நேரியா 5, ஹைக்ரோஃபிலா ஒரு கட்டு, லிம்னோஃபிலா ஒரு கட்டு, செரட்டோஃபில்லம் ஒரு பிடி. இதற்குமேல் வாங்க வேண்டாம். வாலிஸ்நேரியா பக்கக்கொடி ஓட்டிப் பெருகும். மற்ற மூன்றும் துண்டாக வெட்டிவிட்டால் இரட்டிக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பின்பக்கம் முழுக்க நிறைந்துவிடும்.

வாங்கும்போது கட்டின் அடியைப் பாருங்கள். ஈயப்பட்டையோ ரப்பர் பேண்டோ இறுக்கிய இடத்தில் தண்டு கறுத்திருந்தால் அழுகல் ஏறிக்கொண்டிருக்கிறது. நுனிக்குருத்து வெளிர்பச்சையாக, உடையாமல் இருக்க வேண்டும். கீழ் இலை பழுத்திருந்தால் பாதகமில்லை, குருத்து போன செடி வேண்டாம். வாலிஸ்நேரியாவில் இலையைவிட வேர் முக்கியம். வெள்ளை வேர் உயிரோடிருக்கிறது, கறுத்து நசுங்கும் வேர் முடிந்துவிட்டது.

வண்ணமீன் சந்தைக்குப் பெயர்போன சென்னை கொளத்தூரிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ பார்சலில் வரவழைப்பவர்கள், கவரில் தண்ணீர் நிரப்பி அனுப்ப வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குலுங்கும் தண்ணீர் இலையைக் கிழிக்கும், எடைக்கூலியும் ஏறும். நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, கொஞ்சம் காற்றோடு கவரைக் கட்டினால் இரண்டு நாள் தாங்கும். சனிக்கிழமை அனுப்பச் சொல்லாதீர்கள். ஞாயிறு முழுக்க எங்காவது வெப்பத்தில் கிடக்கும். கத்திரி வெயிலில் பார்சலே வேண்டாம், ஆடிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டியில் போடக்கூடாது. கட்டைப் பிரித்துக் கழுவி, நத்தை முட்டை (இலையடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற கூழ்) இருந்தால் விரலால் வழித்து எடுங்கள். 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரப்பொடி கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டால் பெரும்பாலான நத்தை செத்துவிடும். படிகாரத்துக்குப் பதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்றால் 10 லிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது விரல்நுனியில் ஒட்டும் சில குருணை. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிளீச்சிங் கரைசல் வாலிஸ்நேரியாவையும் செரட்டோஃபில்லத்தையும் கருக்கிவிடும். பிறகு ஒரு வாளியில் இரண்டு வாரம் தனியாக. இந்த வாளியில் கொசு முட்டையிடும், மழைக்காலத்தில் டெங்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கொசுவலை போட்டு மூடுங்கள்.

நடும் விதம். ஹைக்ரோஃபிலா, லிம்னோஃபிலா போன்ற தண்டுச்செடியைக் கட்டோடு மணலில் செருகுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நடுவில் இருக்கும் தண்டுக்கு வெளிச்சம் போகாமல் அடியிலிருந்து அழுகும். ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடியில் இரண்டு கணு இலையை நீக்கி, இரண்டு விரல் இடைவெளியில் நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். வாலிஸ்நேரியாவில் இலையும் வேரும் சேரும் வெள்ளைக் கழுத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் பத்து நாளில் மொத்தமாகக் கழன்று மிதக்கும். அனுபியாஸின் கிழங்குத் தண்டையும் புதைக்கக்கூடாது. கல்லில் நூலால் கட்டினால் போதும். செரட்டோஃபில்லத்துக்கு வேரே கிடையாது, மிதக்க விடுங்கள்.

முதல் இரண்டு வாரம் பழைய இலை கரையும். காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் பயன்படாது என்று செடியே அதைக் கழித்துவிட்டுப் புது இலை விடும். இந்த நேரத்தில் பயந்துபோய் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பதாலேயே பாதிச் செடி சாகிறது. கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் பரப்ப மேற்சொன்ன தொட்டிக்கு 13, 14 கிலோ தேவை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கத்து மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். ஒரு கைப்பிடியில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். வாலிஸ்நேரியா அதையும் தாங்கும், மற்றவை முகம் சுளிக்கும். மணலுக்கு அடியில் 2 சென்டிமீட்டர் வண்டல் போட்டால் கடை உரமே வேண்டாம், காவிரி கொண்டுவந்து கொட்டியதைவிடவா அந்தப் பொட்டலம் மேல்? ஆனால் யூரியா போட்ட வயல் மண் கூடாது. அது தொட்டியில் அமோனியாவாக வெளிவரும்.

வெளிச்சத்துக்கு 10 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்று, ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம். கூடினால் கண்ணாடியில் பச்சைப் பாசி பிடிக்கும்.

வாய்க்காலில் சும்மா கிடைப்பதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும்தான். வரப்போரத்து நீர்ப்பிரமி, வயலில் களையாக நிற்கும் ஆரைக்கீரை, குளத்துக் கொட்டிக்கிழங்கு மூன்றையும் தொட்டியில் வளர்க்கலாம். நீர்ப்பிரமி மூழ்கிப் பழக மூன்று நான்கு வாரம் ஆகும். ஆரைக்கீரை நீருக்குள் நாலிலையை விட்டுவிட்டுப் பெரும்பாலும் ஒற்றை இலையாகவே விடும். கொட்டியின் இலை உதிர்ந்தால் கிழங்கை எறியாதீர்கள், ஓய்வெடுத்துத் திரும்பத் துளிர்க்கும். ஆனால் மருந்தடித்த வயலின் வடிகாலிலிருந்து எடுக்க வேண்டாம்; பூச்சிமருந்தின் மிச்சமே இறாலையும் மீன்குஞ்சையும் கொல்லும். அட்டையும் தும்பிப் புழுவும் ஒட்டி வரும், தும்பிப் புழு மீன்குஞ்சைப் பிடித்துத் தின்றுவிடும்.

மிஞ்சியதை வாய்க்காலில் கொட்டுவது இன்னொரு கேடு. வெங்காயத்தாமரை அடைத்த வாய்க்காலைத் தூர்வார நாம் படும் பாடு தெரியும். கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டி நீர்நிலையில் 2020-இல் இளஞ்சிவப்பாகப் பூத்து மக்கள் கூட்டமாய்ப் போய்ப் பார்த்தது கபோம்பா என்ற அயல்நாட்டுத் தொட்டிச்செடி. வெட்டியதை உலர்த்தி மல்லிகைத் தொட்டிக்கு உரமாகப் போடுங்கள்.

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கால்நடைத் தீவனத்துக்கு அசோலா என்ற மிதவைச்செடித் தொட்டி போடக் கற்ற மகளிர் குழுக்களுக்கு நீர்ச்செடி வளர்ப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் செடி சென்னையிலிருந்து வர வேண்டியதில்லை. அதுவரை கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: செடித்தொட்டியில் விலையை ஒட்டுவதுபோல் பெயரையும், அது முழுக மூழ்கி வாழுமா என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
கும்பகோணம்.