நீங்கள் விற்ற ரேம், நீங்கள் விற்ற கம்ப்யூட்டரிலேயே ஓடவில்லை

அனுப்புநர்: ஆல்பம் டிசைனர், விழுப்புரம்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: பொருந்தாத 32 ஜிபி ரேமுக்கு (கம்ப்யூட்டர் மெமரிக்கு)ப் பணம் திரும்பக் கேட்டு.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முந்தைய நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதையாவது யாராவது ஒருவர் கடைசிவரை படியுங்கள்.

2019-ல் உங்கள் டெஸ்க்டாப்பை வாங்கினேன். எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ரேம் மாட்டும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. கல்யாண ஆல்பம் செய்கிறவள் நான். ஃபோட்டோஷாப்பில் நாலு பக்கம் திறந்தாலே மெஷின் திணறுகிறது. சரி, ரேமைக் கூட்டலாம் என்று உங்கள் சாட்டில் கேட்டேன். மாடல் நம்பர், சீரியல் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு, "32 ஜிபி வரை தாராளமாகப் போடலாம் மேடம்" என்று உங்கள் தளத்திலேயே ஒரே துண்டாக வரும் 32 ஜிபி ரேமுக்கு லிங்க் அனுப்பினார்கள். 6,200 ரூபாய் கட்டி வாங்கினேன்.

மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று கத்துகிறது, திரை கறுப்பு. பழைய 8 ஜிபியை மட்டும் மாட்டினால் ஓடுகிறது. போனில் கேட்டால், ரேமின் பற்களை அழிக்கும் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். ஸ்லாட்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், அதையும் செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், மறுபடியும் முதலிலிருந்து கதை, மறுபடியும் ரப்பர்.

கடைசியில் சிபியூவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ரயிலேறி எழும்பூரில் இறங்கி, உங்கள் சர்வீஸ் சென்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்தவர் என் கையில் இருந்த ரேமைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதையெல்லாம் யார் கழற்றச் சொன்னது?" என்றார். உங்கள் ஆட்கள்தான் என்றேன். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது, வீட்டில் ஜென்ட்ஸ் யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க" என்றார். அத்தனை பேர் முன்னால்! பதினோரு வருஷமாக இந்தத் தொழிலில்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. ரேம் டேமேஜ் என்று ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த டேமேஜ் ரேம் ஒரு மணி நேரம் கழித்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடையில், புது மெஷினில், முழு 32 ஜிபியும் காட்டி ஓடியது. அந்தக் கடைத் தம்பி ஸ்டிக்கரைப் பார்த்ததுமே சொன்னான்: "அக்கா, உங்க போர்டுக்கு 32ங்கிறது மொத்தக் கணக்கு. ஒரு ஸ்லாட்டுக்கு 16தான்." இந்த ரேமில் இருப்பவை 16 கிகாபிட், அதாவது ஆளுக்கு 2 ஜிபி பிடிக்கும் சிப்புகளாம். மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்தான் பயாஸ், அந்தக் காலத்து பயாஸுக்கு 8 கிகாபிட், அதாவது 1 ஜிபி சிப்தான் தெரியுமாம். 16 ஜிபி வாங்கினாலும், எட்டே சிப்பில் வருவதை வாங்காதீர்கள், அதிலும் இதே சிக்கல் வரலாம் என்றான். சில போர்டுகளுக்கு பயாஸை அப்டேட் செய்தாலே சரியாகிவிடுமாம், கம்பெனியில் கேளுங்கள் என்றான். ஐந்து நிமிஷம், ஒரு பைசா வாங்கவில்லை. தெருக் கடைக்குத் தெரிந்தது, செய்து விற்ற உங்களுக்குத் தெரியாதா?

சொல்ல விட்டுவிட்டேன். ரிட்டர்ன் கேட்டதற்குப் பத்து நாள் தாண்டிவிட்டது என்கிறீர்கள். அந்தப் பத்து நாளும் நான் ரப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது உங்கள் பேச்சைக் கேட்டுத்தான். வைகாசி முகூர்த்த ஆல்பங்கள் எல்லாம் தேங்கிப்போய், இரண்டு பார்ட்டி அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஊரில் என் பெயரே கெட்டுவிட்டது. லட்ச ரூபாய் கொடுத்தாலும் அது திரும்பாது.

தயவுசெய்து 6,200 ரூபாயையும் என் போக்குவரத்துச் செலவையும் தாருங்கள். என் மாடலுக்குப் புது பயாஸ் உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்தக் கவுண்டர்காரர் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். அவர் வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

15 நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. எல்லாம் விசாரித்துவிட்டேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரேம் அதே பிளாஸ்டிக் டப்பாவில் என் மேஜை மேல்தான் இருக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். அதைத் தூக்கிக்கொண்டு இனி நான் சென்னைக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், சாட் நகல், சர்வீஸ் சென்டர் சீட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரேம் ஓடும் வீடியோ.