ஒரே வளவு, தனித்தனி உலை: படிப்பகக் கணினி அறைக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் கணினி அறைக் குழுவின் வணக்கம்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண் ஒருத்தி சி மொழியில் வட்டிக்கணக்கு நிரல் எழுதினாள். அசல் 10,000, ரெண்டு வட்டி, 24 மாதம். அவள் அண்ணன் அதை ஜிசிசி என்ற கம்பைலரில் (நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் மென்பொருள்) ஓட்டியபோது 4,800 என்று சரியாக வந்தது. அதே நிரலை அவள் டர்போ சி என்ற இன்னொரு கம்பைலரில் ஓட்டினால் 212 ரூபாய் என்கிறது! வட்டிக்கணக்கை நம்பியே பர்மா வரை போய்வந்த ஊரில் இப்படி ஒரு கணக்கு.

டர்போ சி, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துச் சரக்கு. அதில் ஒரு முழு எண்ணுக்கு இரண்டு பைட் இடம்தான்; 32,767-ஐத் தாண்டினால் கொள்ளாது. நடுவில் வரும் 4,80,000 (10,000 × 2 × 24) வழிந்து, மிச்சம் இருந்ததை நூறால் வகுத்து அது விடையாகக் காட்டிவிட்டது. ஜிசிசி நான்கு பைட் ஒதுக்குவதால் தப்பித்தது. அப்படியானால் பழையதைத் தூக்கிப் போடலாமே என்று கேட்பீர்கள். அவளுக்குச் செய்முறைத் தேர்வே டர்போ சியின் அந்த நீலத்திரையில்தான். அண்ணனுக்கு ஜிசிசியும், கிளாங் என்ற மற்றொரு கம்பைலரும் வேண்டும். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையோடு வரும் பள்ளிப் பையன்களுக்கு, அதிலுள்ள ஏவிஆர் சில்லுக்கான கம்பைலர். இத்தனைக்கும் நம்மிடம் தெம்பான கணினி ஒன்றே ஒன்று.

பங்குனியில் ஒரு மாணவர் புதிய ஜிசிசியை மூலநிரலிலிருந்து கட்டி, தனி இடம் எதுவும் குறிக்காமல் அப்படியே நிறுவிவிட்டார். நம் கணினியின் இயங்குதளமான லினக்ஸ் ஒரு கட்டளையைத் தேடும்போது பாத் என்ற வரிசையில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் தேடாது. புதியது வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் இன்னொருவரின் சி++ புராஜெக்ட் கம்பைல் ஆனது, ஆனால் ஓடவில்லை. கட்டியது புதிய கம்பைலர், ஓடும்போது கிடைத்ததோ பழைய நூலகக் கோப்பு (நிரல்கள் ஓடத் துணைக்கு எடுத்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு). மூன்று நாள் பாடாய்ப்பட்டோம். (நிறுவியவர் இப்போது நம் குழுவில்தான் இருக்கிறார். தண்டனை அதுதான்.)

இதற்கு வழி நமக்குத் தெரியாததா? கல்யாணமான பிள்ளையை வேறு வைக்கிறோம். வளவு வீடு ஒன்றுதான், அறை வேறு, அடுப்பு வேறு, சாவி வேறு. அதைத்தான் இங்கும் செய்யப் போகிறோம். ஒவ்வொரு கம்பைலரும் தன் நூலகக் கோப்புகளோடு தனி அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும். மாணவர் உட்கார்ந்ததும் எது வேண்டும் என்று கணினி கேட்கும். அவருடைய அமர்வுக்கு மட்டும் பாத் மாறும், அடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. டர்போ சி, பழைய டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் தனிக்குடித்தனம். ஏவிஆர் கம்பைலரால் தொந்தரவே இல்லை, அதன் பெயருக்கு முன்னாலேயே ஏவிஆர் என்று ஒட்டியிருக்கும். ஊரில் பத்து மெய்யப்பன் இருந்தாலும் விலாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறோமே, அந்த மாதிரி.

மென்பொருள் பெரும்பாலும் இலவசம்தானே, பணம் எதற்கு? நியாயமான கேள்வி. இத்தனையையும் தனித்தனியாக வைக்க இடம் வேண்டும். இப்போதுள்ள வட்டு நிரம்பி வழிகிறது. புது எஸ்எஸ்டிக்கும் காப்புப்பிரதி வட்டுக்கும் ரூ. 16,000. கம்பைலரைக் கட்ட மணிக்கணக்காகும், பாதியில் கரண்ட் போனால் அத்தனையும் பாழ். யுபிஎஸ், பேட்டரிக்கு ரூ. 9,000. தினமும் மாலையில் வந்து பார்த்துக்கொள்ளும் பையனுக்கு மாதம் ரூ. 1,500, ஆண்டுக்கு ரூ. 18,000. இதில்தான் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஆள் இல்லாத அறை ஆறே மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆக மொத்தம் ரூ. 43,000. கையில் ரூ. 11,500 இருக்கிறது. மீதி ரூ. 31,500. கோயிலுக்குப் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று) போடுவது போல, ஆனால் நகரத்தார் என்றில்லாமல் ஊரில் எல்லோரிடமும், புள்ளிக்கு 500 என்று கேட்கிறோம். அறுபத்துமூவர் கிடைத்தால் போதும். முடிந்தவர்கள் கூடக் கொடுங்கள், 100 ரூபாய்க்கும் ரசீது உண்டு.

பழைய கணினி தருகிறோம் என்பவர்களுக்கு நன்றி. தயவுசெய்து வேண்டாம், ஏற்கெனவே ஆறு பழைய கணினிகள் முகப்பில் தூங்குகின்றன.

மாலை 5 முதல் 8 மணி வரை படிப்பகத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் அனுப்பலாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் படிப்பகப் பலகையில் ஒட்டப்படும். ஆடி முடிவதற்குள் கிடைத்தால் ஆவணியில் வேலையைத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
கணினி அறைக் குழு