"3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முற்றிலும் இலவசம்" என்று விளம்பரம் செய்துவிட்டு வாங்கிய ரூ.5,677-ஐத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் குடும்பத் தொகுப்பில் வந்து தங்கிய வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தீம் பார்க் மற்றும் தங்கும் விடுதி நிர்வாகம்.

பொருள்: இலவசம் என்று அறிவித்த குழந்தைக்கு நுழைவுக் கட்டணமும் அறைக் கட்டணமும் வசூலித்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த காலாண்டு விடுமுறையில் நானும் என் கணவரும் எங்கள் மகளும் உங்கள் விடுதியில் தங்கி, பூங்காவைச் சுற்றிப் பார்த்தோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது எட்டு மாதம். ஃபேஸ்புக்கில் தமிழில் வந்த உங்கள் விளம்பரத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். "3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முற்றிலும் இலவசம், தங்குமிடம், காலை உணவு, பூங்கா நுழைவு எல்லாம் அடக்கம்" என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு பெரியவர்களுக்கான தொகுப்புக் கட்டணம் ரூ.18,500. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் புகார் முழுவதும் மகள் பெயரில் வாங்கிய பணத்தைப் பற்றியது.

முதலில் நுழைவாயில். அங்கே ஒரு கம்பத்தில் 90 சென்டிமீட்டரில் கோடு போட்டிருந்தது. குழந்தையை அதன் அருகில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "கோட்டைத் தாண்டிட்டா, டிக்கெட் எடுக்கணும்" என்றார் ஊழியர். வயது மூன்று ஆகவில்லை என்று சொல்லி, அவளுடைய நீல நிற பால ஆதாரைக் காட்டினோம். "இங்கே வயசு கணக்கு இல்லை, உயரம்தான்" என்று சொல்லி, அட்டையைக் கையில் வாங்கக்கூட மறுத்துவிட்டார். அதே அட்டையின் நகலை முந்தின மாலையில்தான் விடுதி ரிசப்ஷனில் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். ஆக, அவள் வயது உங்கள் நிர்வாகத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. பின்னால் நீண்ட வரிசை, வெயில், தோளில் குழந்தை. வேறு வழியில்லாமல் ரூ.1,190 கட்டினோம். மறுநாளும் அதே தொகை.

உயரத்தை வைத்துக் கட்டணம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் பல பூங்காக்களில் அதுதான் வழக்கம். வாசலில் வயதைச் சரிபார்ப்பது சிரமம், உயரத்தை உடனே பார்த்துவிடலாம். அது புரிகிறது. ஆனால் அதை முன்கூட்டியே உயரமாகவே சொல்லிவிட வேண்டும். நீங்கள் விளம்பரத்தில் வயதைச் சொல்லி அழைக்கிறீர்கள், வாசலில் கோட்டைக் காட்டி வாங்குகிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். இரண்டரை வயதில் பெண் குழந்தையின் நடுமதிப்பு உயரம் 90.7 செ.மீ., ஆண் குழந்தைக்கு 91.9 செ.மீ. மூன்று வயது நிறையும்போது 95-ஐயே தாண்டிவிடுகிறது. அப்படியானால், சாதாரணமாக வளரும் ஒரு குழந்தைக்கு மூன்றாவது பிறந்தநாளுக்கு முந்தைய அரை வருடத்தில் உங்கள் சலுகை கிடைக்கவே கிடைக்காது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த குழந்தைக்கு அதற்கும் முன்பே போய்விடும். கம்பத்தில் கோடு போட்ட உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பணம் கட்டிவிட்டோம், குழந்தை சந்தோஷமாக விளையாடட்டும் என்று உள்ளே போனால், ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் இன்னொரு கம்பம். ஒன்றில் 110, பலவற்றில் 120, பெரியவற்றில் 140. 120 செ.மீ. என்பது ஏறக்குறைய ஏழு வயதுக் குழந்தையின் உயரம். என் மகள் ஏற முடிந்தது குட்டி ரயிலிலும் குதிரை ராட்டினத்திலும் மட்டும்தான். முழங்கால் அளவு தண்ணீர் உள்ள சிறுவர் குளத்தில் கொஞ்ச நேரம் விளையாடினாள். பாதுகாப்புக்காக வைத்த அந்த உயர வரம்புகளை நான் மனதார ஏற்கிறேன். ஒரு சென்டிமீட்டர்கூடத் தளர்த்த வேண்டாம். ஆனால் 90-ல் டிக்கெட் வாங்கினால், 90-ல் இருக்கும் குழந்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே எழுதிப்போட வேண்டும். ஏழு வயதுப் பையனும் என் மகளும் ஒரே சிறுவர் டிக்கெட்டைத்தான் வாங்கினார்கள். அவன் பூங்காவின் பெரும்பகுதியைப் பார்த்தான், இவள் வேலிக்கு வெளியே நின்று கை நீட்டி அழுதாள்.

இன்னொன்று. குழந்தையோடு ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருப்பதால், பெரியவர்களுக்கான ராட்டினங்களுக்கு நானும் கணவரும் தனித்தனியாக முழு வரிசையிலும் நிற்க வேண்டியதாயிற்று. டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களில் ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. இதைச் செய்ய உங்களுக்குச் செலவு ஏதும் ஆகாது. தயவுசெய்து யோசியுங்கள்.

என்னை மிகவும் வருத்தியது சாப்பாட்டு விஷயம். மகளுக்காகக் கொஞ்சம் பருப்புச் சாதமும் வேகவைத்த கேரட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொண்டு வந்திருந்தேன். காரம் சாப்பிடும் வயது அவளுக்கு இன்னும் ஆகவில்லை. பையைச் சோதித்தவர், வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றார். குழந்தைக்கு என்று சொன்னதும், "ஒரு வயசு வரைக்கும்தான் குழந்தைச் சாப்பாடு, அதுவும் பால் பவுடர் மட்டும்" என்று பதில் வந்தது. என் கண் முன்னால், அவள் கண் முன்னால், அந்தச் சாதத்தைக் குப்பைத் தொட்டியில் கொட்டச் சொன்னார்கள். உள்ளே விற்ற எல்லாம் ஒன்று எண்ணெயில் பொரித்தது, இல்லையென்றால் மிளகாய் போட்டது. கடைசியில் வெறும் சாதம் ரூ.180, ஒரு கப் தயிர் ரூ.60 என்று வாங்கிப் பிசைந்து ஊட்டினேன். சமையலறையில் ஒரு தம்பி, கேட்காமலே வெந்நீர் கொண்டு வந்து கொடுத்தார். அவருக்கு என் நன்றி. அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுத்துவிடாதீர்கள்.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று சொன்னதை உங்கள் சட்டப் பிரிவு படித்துப் பார்க்கட்டும். அது தியேட்டர்கள் பற்றிய வழக்கு. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர் உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பில், குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், பெற்றோர் கைக்குழந்தைக்காக நியாயமான அளவில் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் இடம்பெற்றது. இரண்டரை மணி நேரப் படத்துக்கே அப்படி என்றால், காலை முதல் மாலை வரை குழந்தையை வைத்திருக்கும் இடத்தில் ஒரு டப்பா பருப்புச் சாதத்தை அனுமதிப்பதில் என்ன நஷ்டம்?

விடுதிக்கு வருகிறேன். கட்டில் கேட்கவில்லை, மெத்தை கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அவள் தூங்கினாள். ஆனாலும் அறையைக் காலி செய்யும்போது பில்லில் "கூடுதல் நபர்" என்று ஓர் இரவுக்கு ரூ.900 வீதம் ரூ.1,800 சேர்த்திருந்தார்கள். காலை உணவுக்கும் அப்படித்தான். அரை இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டவளுக்கு "சிறுவர் பஃபே" என்று ரூ.350 வீதம் ரூ.700. இதுவும் விளம்பரத்தில் இலவசம் என்று சொன்னதுதானே என்று கேட்டால், இலவசம் இரண்டு வயதுக்குக் கீழே மட்டும் என்றார் ரிசப்ஷனில் இருந்தவர். விளம்பரத்தில் மூன்று வயது, வாசலில் 90 சென்டிமீட்டர், சாப்பாட்டுப் பைக்கு ஒரு வயது, விடுதியில் இரண்டு வயது, ராட்டினத்தில் 120 சென்டிமீட்டர். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு குழந்தைக்கு இத்தனை அளவுகள். ஒவ்வொரு இடத்திலும் எது பெற்றோருக்குப் பாதகமோ அந்த அளவே எங்கள் மேல் விழுந்தது. என் புகாரின் சாரம் இதுதான்.

திருச்சியிலிருந்து நாங்கள் வந்த ரயிலில் தனி இருக்கை கேட்காத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. அரசுப் பேருந்திலும் 2022 முதல் ஐந்து வயது வரை இலவசம். இரண்டு இடத்திலும் ஒரே அளவு, அது எல்லோருக்கும் தெரியும், நடத்துநரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்தத் தெளிவைத்தான்.

சின்னச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீரில் இறங்க நைலான் உடை கட்டாயம் என்பதை அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். குழந்தை அளவில் ஒரு உடை ரூ.450, அதோடு தண்ணீருக்கான டயப்பர், அதையும் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கிறார்கள். விதி நியாயமானதே. முன்பே மின்னஞ்சலில் ஒரு வரி எழுதியிருந்தால் ஊரிலேயே வாங்கி வந்திருப்போம். இந்தப் பணத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் ஸ்ட்ரோலர் வாடகைக்குக் கொடுத்த முன்பணத்தில் "சுத்தம் செய்யும் கட்டணம்" என்று ரூ.200 பிடித்தது ரசீதில் எங்கும் இல்லாத ஒன்று. அதைக் கேட்கிறேன்.

டயப்பர் மாற்ற சிறுவர் பகுதியில் ஒரு மேசைகூட இல்லை. பெண்கள் கழிப்பறையின் ஈரத் தரையில் துண்டை விரித்து மாற்றினேன். ஆண்கள் பக்கமும் ஏதும் இல்லாததால் கணவர் உதவ முடியவில்லை. பக்கத்திலேயே இன்னொரு தாய் துப்பட்டாவால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார். தமிழகத்துப் பேருந்து நிலையங்களில் 2015-லேயே தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் வந்துவிட்டன. குழந்தைகளை நம்பியே தொழில் நடத்தும் உங்களிடம் அது இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் புக்கிங் பக்கம். பணம் கட்டும் கடைசித் திரையில் "விடுமுறைப் பாதுகாப்புத் திட்டம்" என்று ஒரு கட்டம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்தது. தலைக்கு ரூ.199, மூன்று தலைக்கு ரூ.597. இலவசம் என்று சொன்ன குழந்தையையும் இதில் ஒரு தலையாக எண்ணியிருக்கிறீர்கள். நாங்கள் கேட்காத ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதையும், விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதையும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன.

இதையெல்லாம் உங்கள் உதவி மையத்துக்கு ஏற்கெனவே எழுதினேன். வந்த பதில் ஒரே வரி: "கட்டணங்கள் எங்கள் விதிமுறைகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டவை." தேடிப் பார்த்தேன். உங்கள் இணையதளத்தின் அடியில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் 90 செ.மீ. விதி இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூன் மாதம் வந்த நெறிமுறைகளின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும், விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதிக்கு முரணாகவும் இருக்கக் கூடாது. தமிழில் "முற்றிலும் இலவசம்" என்று அழைத்துவிட்டு, ஆங்கிலத்தில் வேறொரு மூலையில் இல்லை என்று எழுதுவது செல்லாது. நான் பள்ளி ஆசிரியை, ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். எங்களோடு வரிசையில் நின்று, மூன்று பிள்ளைகளோடு டிக்கெட் காசை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன அந்தக் குடும்பத்துக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

எனக்குத் திரும்பி வர வேண்டியது: நுழைவுக் கட்டணம் ரூ.2,380, கூடுதல் நபர் கட்டணம் ரூ.1,800, காலை உணவு ரூ.700, ஸ்ட்ரோலரில் பிடித்தது ரூ.200, கேட்காத பாதுகாப்புத் திட்டம் ரூ.597. மொத்தம் ரூ.5,677. இந்தத் தொகையை நாங்கள் எந்தக் கணக்கிலிருந்து செலுத்தினோமோ அதே கணக்குக்கு, இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். பரிசுக் கூப்பனோ அடுத்த முறைக்கான தள்ளுபடியோ வேண்டாம். விளம்பரத்தையும் திருத்துங்கள்: வயது என்றால் வயது, உயரம் என்றால் உயரம், நுழைவாயிலுக்கும் விடுதிக்கும் ஒரே அளவு. சிறு குழந்தைகளின் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். அதற்கும் சரிப்படவில்லை என்றால், திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம், செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அந்த அளவுக்குப் போகாமல் நீங்களே சரிசெய்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)

இணைப்பு: விளம்பரப் படம், புக்கிங் ரசீது, இரண்டு நாள் நுழைவுச் சீட்டுகள், விடுதி பில், ஸ்ட்ரோலர் ரசீது, மகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்.