பழைய லேப்டாப்பில் எதை முதலில் மாற்றுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்துக் கடைகளுக்குப் பழைய லேப்டாப்போடு யார் போனாலும் ஒரே பதில்தான்: "இது இனி ஓடாது, எக்ஸ்சேஞ்சில் போட்டுட்டுப் புதுசு எடுங்க." தக்கலையில் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதும் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்ப்பவள் நான். எனக்கும் அதே பதில். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னதால் நானே விசாரிக்கத் தொடங்கினேன். இதே யோசனையில் இருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருப்பார்கள் என்பதால், தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

"ஓடாது" என்பது உண்மையில்லை. ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. அதற்கும் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு இருக்கிறது. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. காசு இல்லாத வழி என்பதாலோ என்னவோ, கடையில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்தது விண்டோஸ் 11. என் லேப்டாப்பின் ப்ராசஸர் இன்டெல் ஐ3-6006யூ. அந்த 6006-இல் முதல் எண்தான் தலைமுறை. ஆக, இது ஆறாம் தலைமுறை. சில விலக்குகள் தவிர, விண்டோஸ் 11 ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எத்தனை ஜிபி ரேம் (மெமரி எனப்படும் தற்காலிக நினைவகம்) போட்டாலும் என் மெஷினுக்கு அது முறைப்படி கிடையாது. "ரேம் கூட்டினால் 11 போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், முதலில் இந்த எண்ணைக் காட்டுங்கள். சோதனையைத் தாண்டிக் குறுக்குவழியில் ஏற்றித் தருகிறவர்களும் உண்டு. அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஊராரின் ஆதார் எண்ணும் சொத்து விவரமும் அடிக்கிற மெஷினில் அந்த விஷப்பரீட்சை எனக்கு வேண்டாம்.

இனி வேகம். மாற்ற வேண்டியது ரேமா, எஸ்எஸ்டியா (சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான சேமிப்பகம்) என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட மெஷினிடமே கேட்டுவிடலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும். எனக்கு வேலை என்றால் குரோமில் பதிவுத்துறையின் தளம், வேர்டில் ஒரு கிரயப் பத்திரம், பக்கத்தில் ஸ்கேன் செய்த முன் ஆதாரம். அந்த நேரத்தில் என் 4 ஜிபி ரேம் கிட்டத்தட்ட முழுக்க நிறைந்திருந்தது. ஹார்டு டிஸ்க்கின் அளவோ 100 சதவீதத்தை விட்டு இறங்கவே இல்லை.

பார்த்தவுடன் டிஸ்கில்தான் கோளாறு என்று தோன்றும். ஆனால் ரேம் நிறைந்தால், அதில் கொள்ளாததை விண்டோஸ் ஹார்டு டிஸ்கில் எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. சுழலும் ஹார்டு டிஸ்கால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே போதும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்து மெமரி நிறைந்தால் ரேம் மட்டும். என்னைப் போல் இரண்டும் முட்டி நின்றால் இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிதான் முதலில். மெஷின் எழுவதும் ஃபைல் திறப்பதும், ரேம் போதாமல் நடக்கும் அந்த எழுத்தும் எடுப்பும்கூட வேகமாகிவிடும். என் வேலைக்கு 256 ஜிபி தாராளம்.

ரேம் வாங்குவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு; டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. டிடிஆர்3எல் மட்டும் ஏற்கும் மெஷினில் சாதா டிடிஆர்3 போடக் கூடாது, மின்னழுத்தம் வேறு. ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்பதை டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கமே சொல்லும். எனக்கு இரண்டில் ஒன்று காலி. மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டிய நிலையில் வரும், கூட்டவே முடியாது. 32-பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலனில்லை. குளச்சல், முட்டம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று: உப்புக்காற்றில் ரேமின் தங்கப்பற்கள் கறுத்துப்போகும். மெஷின் எழவில்லை என்றால், புது ரேம் வாங்கும் முன் பழையதைக் கழற்றி அழிப்பானால் தேய்த்துப் போடச் சொல்லுங்கள். மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். செய்யத்தான் சோம்பல்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெமரி தயாரிப்பாளர்கள் ஏஐ டேட்டா சென்டர்களின் பக்கம் சாய்ந்துவிட்டதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டியும் ஏறித்தான் இருக்கிறது. ஆகவே புது ரேமுக்குப் பதில், செத்துப்போன லேப்டாப்பிலிருந்து கழற்றிய 4 ஜிபி ஒன்றைத் தேடுகிறேன். கேட்டால் கிடைக்கும், வாரண்டி மட்டும் கிடைக்காது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் என் முடிவு, 2026 அக்டோபர் வரை நீட்டிப்போடு விண்டோஸ் 10, அதற்குள் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் பழகிக்கொள்வது. 4 ஜிபியிலும் அது ஓடும். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர், வைஃபை, ஸ்கேனர் மூன்றையும் அப்படித்தான் சோதித்தேன். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. தடை ஒன்றே ஒன்று: எங்கள் அலுவலகத்தின் பழைய நகல்கள் எல்லாம் யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறை) அல்லாத வானவில் எழுத்துருவில் கிடக்கின்றன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-இல். இன்றும் வானவிலை விடாத அலுவலகங்களை என்ன சொல்ல! அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலைக்குத்தான் இந்த மாதங்கள் வேண்டும்.

2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் பீரோவுக்குமேல் இருக்கின்றன. 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க், விண்டோஸ் 7. குரோம் உலாவி 2023-இலேயே விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. அவற்றுக்குப் புதிய பாகம் வாங்கிச் செலவழிப்பது வீண். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டச்சு பழகக் கொடுக்கலாம். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கப் பட்டை தீர்ந்தவுடன் மரத்தை முறிப்பதில்லை, மறுபக்கம் வெட்டுவார்கள்.

லினக்ஸ் என்றாலே நம் ஊரில் பயப்படுகிறார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில், அந்த அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட்டின் லினக்ஸ்தான். பாறசாலையில் இருக்கும் என் சித்தி மகன் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையே அதில்தான் எழுதினான். நம் அரசு மடிக்கணினிகளிலும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதை எப்படித் திறப்பது என்று சொல்லித்தர ஆளில்லை.

அதனால் இரண்டு கோரிக்கைகள். கோணம் அரசு பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ மாதம் ஒரு சனிக்கிழமை, மாணவர்களைக் கொண்டே பழைய லேப்டாப்புகளைப் பார்த்து "இதற்கு இது போதும்" என்று சொல்லும் முகாம் நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம்; மாணவர்களுக்கும் கைப்பழக்கம் வரும். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்று 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. அப்படி வாங்கும் ஒவ்வொரு மாடலிலும் பின்னாளில் ரேம் கூட்ட ஒரு காலி ஸ்லாட் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை டெண்டரிலேயே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.