தங்கையின் மருந்துச் சீட்டு பற்றி

அன்புள்ள சரவணா,

உன் மடல் பார்த்தேன். தங்கைக்கு நெஞ்சுச் சளிக்காக டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறார், அவளோ வலிப்புக்காக இரண்டு வேளையும் கார்பமசெபின் போடுகிறாள், சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே. முதலில் டாக்டரைக் கூப்பிட்டு வலிப்பு மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல். ஏற்கெனவே ஒன்றிரண்டு வேளை போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடு. ஆனால் பயந்துபோய் கார்பமசெபினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தொடர் வலிப்பே வரலாம்.

கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதிதான் கார்பமசெபினை உடைக்கிறது. கிளாரித்ரோமைசினும் அதே குடும்பத்து எரித்ரோமைசினும் அந்த நொதியை முடக்கிவிடும். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். வழக்கமாக மில்லிலிட்டருக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கவேண்டியது, இரண்டு மூன்று நாளில் அதைத் தாண்டிவிடக்கூடும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், வாந்தி வரும், ஒரே தூக்கமாக இருக்கும். வீட்டில் எல்லோரும் இதைக் காய்ச்சல் அசதி என்றே நினைத்துக்கொள்வார்கள். உன் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல். கருவிழி ஒரு பக்கமாக விட்டுவிட்டுத் துடித்தால் தாமதிக்காமல் அழைத்துப் போ.

அசித்ரோமைசின் அதே குடும்பம்தான் என்றாலும் அந்த நொதியை அவ்வளவாகத் தொடாது. வேறு வகை ஆன்டிபயாட்டிக்கான அமாக்சிசிலினும் கார்பமசெபினோடு மோதுவதில்லை. எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள், காய்ச்சலே வலிப்பைக் கிளப்பும்.

எனக்கு இதைவிடக் கவலை தரும் ஜோடி வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கும். வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு ஆஸ்பத்திரியில் மெரோபெனம் ஏற்றினால், ஒரே நாளில் ரத்தத்தில் வால்ப்ரோயேட் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கல்லீரல் வால்ப்ரோயேட்டோடு குளுக்குரோனிக் அமிலம் என்ற பொருளை ஒட்டி வெளியே அனுப்பப் பார்க்கும். அதில் ஒரு பங்கை வேறொரு நொதி பிரித்து மறுபடி ரத்தத்தில் சேர்க்கும். மெரோபெனம் அடைப்பது அந்தத் திரும்பும் வழியை. அதனால் டோஸை ஏற்றினாலும் அளவு எழாது. வேறு ஆன்டிபயாட்டிக்குக்கு மாறவேண்டும், வழியில்லை என்றால் லெவெடிராசெட்டம் போன்ற வேறொரு வலிப்பு மருந்தைத் துணைக்குச் சேர்க்கவேண்டும். மெரோபெனத்தை நிறுத்திய பிறகும் பழைய அளவு திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆகவே டிஸ்சார்ஜ் அன்றே துணை மருந்தையும் நிறுத்தச் சொன்னால், காரணத்தைச் சொல்லித் தயங்காமல் கேட்கவேண்டும்.

உன் அப்பா பினிட்டாய்ன் என்ற வலிப்பு மருந்தை எடுப்பதால் இதையும் எழுதுகிறேன். அந்த மருந்தை உடைக்கும் நொதிக்கு ஒரு எல்லை உண்டு, அதை எட்டிவிட்டால் சின்ன மாற்றத்துக்கும் அளவு எகிறும். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் டிபி மருந்தான ஐசோனியசிடும் ரத்தத்தில் பினிட்டாய்ன் அளவை ஏற்றும். இன்னொரு டிபி மருந்தான ரிஃபாம்பிசின் இறக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளோ தாமாகவே மூளையைத் தூண்டி வலிப்பு வரவைக்கலாம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு செஃபெபைம் என்ற ஆன்டிபயாட்டிக்கை அளவு குறைக்காமல் ஏற்றினாலும் அதே ஆபத்துதான்.

தங்கையின் மாத்திரை அட்டையைப் படம் எடுத்து உடனே அனுப்பு. டாக்டர் மாற்றி எழுதிய பெயரையும் சேர்த்து எழுது, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி