கொண்டாட்டம் முடிந்த பிறகும் பணம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழிந்துவரும் உயிரினங்களுக்கென்று ஒதுக்கும் பணம் குறைவு, ஆகவே பிழைக்கக்கூடியவற்றுக்கு மட்டும் செலவழிப்போம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பணம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஓர் உயிரினம் பிழைக்குமா பிழைக்காதா என்பதை, மிச்சம் எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கையை வைத்து முடிவுகட்டக் கூடாது. மொரீசியஸில் இருந்துகொண்டு நாமே அப்படிப் பேசினால் எப்படி?

1974இல் நம் கெஸ்ட்ரல் வல்லூறு காட்டில் நான்குதான் இருப்பதாகத் தெரிந்தது. அதைக் கைவிட்டுவிட்டு, அந்தப் பணத்தை வேறு பறவைகளுக்குக் கொடுக்கலாம் என்று வெளிநாட்டு அறிஞர்களே அப்போது வாதாடினார்கள். 1979இல் இங்கே வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸை அனுப்பியதே கெஸ்ட்ரலைக் காக்கும் திட்டத்தை மூடச் சொல்லித்தான். அவர் மூடவில்லை. முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிடும். எடுத்த முட்டைகளைக் கருவியில் வைத்துப் பொரித்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டார்கள். மரப்பெட்டிகளைக் கூடாக வைத்துக் கொடுத்தார்கள். இது பலித்ததற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மலேரியாக் கொசுவை ஒழிக்க 1950களிலும் 60களிலும் அடித்த டி.டி.டி. மருந்துதான் அந்தப் பறவையைப் பெருமளவு கெடுத்தது. மருந்து அடிப்பது அதற்குள் நின்றிருந்தது. கேடு எதனால் வந்தது என்று தெரியும், அது நீங்கியும்விட்டது. அப்படிப்பட்ட இடத்தில் நான்கு பறவை இருந்தாலும் போதும், பணம் வீண் போகாது.

எங்கள் கியூர்பிப் தாவரவியல் தோட்டத்தில் கம்பிவேலிக்குள் நிற்கும் பனைவகை மரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தில் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதன் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே நேரத்தில் விரிவதில்லை. ஆய்வுக்கூடத்தில் முளைக்க வைத்த கன்றுகளும் மண்ணில் நிலைக்கவில்லை. அதன் பக்கமாகப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். இருந்தாலும் சொல்கிறேன், அந்த மரத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதற்கு மேல் அதற்குப் பெரிய தொகை ஒதுக்க நான் கை தூக்க மாட்டேன்.

அந்த வாசகரோடு எனக்குள்ள பெரிய வேறுபாடு இதுவல்ல. எந்த உயிரினத்துக்குக் கொடுப்பது என்றே எல்லோரும் கேட்கிறோம். எத்தனை வருடத்துக்குக் கொடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. கெஸ்ட்ரல் தேறிவிட்டது என்று 1994இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) அபாயப் பட்டியலில் அதை ஒரு படி இறக்கினார்கள். உலகமே பாராட்டியது. அப்புறம் கவனிப்பும் குறைந்தது, பறவையும் குறைந்தது. 2014இல் மறுபடியும் மேல் படிக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. 2022இல் அதை நம் தேசியப் பறவையாக அறிவித்தோம், நல்லது. ஆனால் அறிவிப்பால் கூட்டுப்பெட்டி பழுதுபார்க்கப்படுமா? இளஞ்சிவப்புப் புறாவும் இப்படித்தான். 1990 வாக்கில் காட்டில் பத்துக்குப் பக்கத்தில் இருந்தது, இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. தீனி வைப்பதையும் எலி, பூனைகளைப் பிடிப்பதையும் நிறுத்தினால் அது எத்தனை நாள் தாங்கும்?

காட்டுக்கும் இதே கணக்குதான். பிளேன் ஷம்பாஞ் காட்டுப் பக்கம் குளிர்காலத்தில் நாமெல்லாம் குடும்பத்தோடு போய்ச் சீனக் கொய்யா பறிக்கிறோம். உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்ன எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு கருங்காலி மரத்தடியில் குனிந்து பாருங்கள். கருங்காலிக் கன்று ஒன்றுகூடக் கண்ணில் படாது. வெளிநாட்டிலிருந்து வந்த அந்தக் கொய்யாவின் நாற்று மட்டும் புல் மாதிரி நெருக்கமாக நிற்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், வேரோடு பிடுங்கினாலும் பறவையும் குரங்கும் போட்ட விதை மறுபடி முளைக்கும். தீவில் நல்ல நிலையிலுள்ள, இந்த மண்ணுக்கே உரிய காடு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பிளாக் ரிவர் தேசியப் பூங்காவில்கூட வேலி போட்டுக் களையெடுக்கும் பகுதி கொஞ்சம்தான். முதல் களையெடுப்புக்கு நிதி கிடைத்துவிடும், படமும் பத்திரிகையில் வரும். அடுத்த தடவை ஆள் அனுப்பப் பணம் இல்லாவிட்டால் முதலில் போட்டதும் சேர்ந்து போய்விடும்.

ஒரே முறை செலவழித்து நீண்ட காலம் பலன் தரும் இடமும் உண்டு. நம் வடக்குக் கரைக்கு அப்பாலுள்ள ரவுண்ட் தீவில் ஆடுகளையும், பிறகு 1986இல் முயல்களையும் முழுக்க அகற்றினார்கள். மேய்ச்சலால் மொட்டையாகிக்கொண்டிருந்த அந்தத் தீவில் பனைக்கன்றுகள் முளைத்தன, அரணைகள் பெருகின. அதனால் சின்னத் தீவுகளுக்கு முதலில் கொடுங்கள் என்பேன். ஆனால் அங்கேயும் படகில் ஓர் எலி ஏறி வந்துவிடாமல் பார்க்க ஆள் வேண்டும்.

வௌவாலைப் பற்றி ஒரு வார்த்தை. லிச்சி போன்ற பழங்களைத் தின்றுவிடுகின்றன என்று 2015 முதல் சில தடவை அரசே ஆள் வைத்துப் பழந்தின்னி வௌவால்களைச் சுட்டது. 2018இல் அந்த இனம் அழியும் அபாயத்தில் இருப்பதாகப் பட்டியலில் ஏற்றப்பட்டது. ஒரு கையால் சுடவும் மறு கையால் காக்கவும் செலவழிக்கும் நாடு, பணம் இல்லை என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்களின் நஷ்டமும் நஷ்டம்தான். லிச்சி மரத்துக்கு வலை போட மானியத்தை எல்லோருக்கும் எட்டும்படி கொடுத்தாலே போதும்.

பட்ஜெட் நேரத்தில் உங்கள் இதழ் அரசிடம் ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே களையெடுத்த காடுகளையும் ஏற்கெனவே மீட்ட பறவைகளையும் பராமரிக்க மட்டும் ஒரு தனிக் கணக்கு வேண்டும். புதுத் திட்டம் எதற்கும் அதில் கை வைக்கக் கூடாது. ஐந்து வருடத்துக்காவது அந்தத் தொகை உறுதி என்று அமைச்சரிடமிருந்து பதில் வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கியூர்பிப்