செயலாளர் ஆண்டறிக்கை: குழந்தைகளின் பயண ஏடுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் நமது சங்கத்தில் பொங்கல் விழாவும் ஓண விருந்தும் வழக்கம்போல் நடந்தேறின. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு புதிதாக மேற்கொண்ட பணி, குடும்பத்தோடு சென்றுவந்த ஊர்களைப் பற்றிக் குழந்தைகளைக் கொண்டு ஸ்கிராப் புக், அதாவது படங்கள், இலைகள், பயணச்சீட்டுகள் போன்றவற்றை ஒட்டிக் குறிப்பெழுதும் ஏடு, செய்வித்ததாகும்.

பாலக்காட்டில் 1766இல் ஐதர் அலி கட்டிய கோட்டையையும், 1955இல் அன்றைய சென்னை மாநில முதல்வர் காமராசர் திறந்துவைத்த மலம்புழை அணையையும் பெரும்பாலான ஏடுகளில் காணலாம். பறம்பிக்குளம் கேரளத்தில், அதுவும் நமது சித்தூர் வட்டத்திலேயே இருந்தும், சாலை வழியாகச் செல்வோர் பொள்ளாச்சி, சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்தே அங்கு சேர வேண்டியிருப்பதை ஒரு சிறுமி வரைபடமாக வரைந்து, எல்லையைத் தாண்டும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். புலிகள் காப்பகத்தில் இலையோ பூவோ பறிக்கக் கூடாது என்பதால், அங்குள்ள கன்னிமாரா தேக்கு என்னும் பெருமரத்தைப் பிள்ளைகள் படமாக வரைந்து ஒட்டினார்கள். வீட்டுத் தோட்டத்து இலைகளை மட்டும் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி, ஈரம் போகும்வரை தாளை மாற்றி மாற்றி உலர்த்தினோம்.

பயணச்சீட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. இப்போது நடத்துநர் கருவியிலிருந்து கிழித்துத் தரும் சீட்டில் மை கிடையாது; தாளின் மேற்பூச்சு சூட்டில் கறுப்பதால்தான் எழுத்துத் தோன்றுகிறது. எனவே அது நாளடைவில் மங்கிவிடும். காக்கும் எண்ணத்தில் லேமினேஷன் செய்தாலோ அந்தச் சூட்டிலேயே முழுதும் கறுத்துப்போகும். அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதே நல்லது. பசையைத் தாராளமாகத் தடவினால் தாள் ஈரம் குடித்துச் சுருங்கும், செல்லோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கறை விடும், பசைக்குச்சியே போதுமானது.

சிறந்த ஏட்டுக்குப் பரிசு வைக்கலாம் என்று சில உறுப்பினர்கள் விரும்பினர். செயற்குழு அதனை ஏற்கவில்லை; அம்முடிவு சரியென்பதே அடியேனின் கருத்தும். பரிசு என்றதும் கத்தரிக்கோல் பெற்றோர் கைக்கு மாறிவிடும். (தந்தையரே இதில் கூடுதல் ஆர்வம் காட்டினர் என்பதையும் பதிவு செய்கிறேன்.) மலம்புழையில் யட்சி சிலையை விட்டுவிட்டு, தான் தின்ற ஐஸ்கிரீமின் உறையை ஒரு பக்கம் முழுக்க ஒட்டிய சிறுவனின் ஏட்டைத் திருத்தாமல் வைத்திருக்கிறோம். தமிழ்ப் பள்ளியில் படிப்போர் தமிழிலும், மலையாளப் பள்ளியில் படிப்போர் மலையாளத்திலும் குறிப்பெழுதினர். மலையாளத்தில் எழுதியோருக்கு வாய்மொழியாக மட்டும் தெரிந்த தமிழைத் தாத்தா பாட்டிகள் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தது, நாம் திட்டமிடாமல் கிடைத்த பயனாகும்.

வரும் ஆண்டில் கெட்டித்தாள் நோட்டுகளை மொத்தமாக வாங்கவும், முடிந்த ஏடுகளை வைக்கப் படிப்பறையில் ஓர் அலமாரி ஒதுக்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. இவற்றுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

இவண்,
செயலாளர்